நாயைக் கட்டிப்போட்டாச்சோ?

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போவதற்கு முன்பு போன் எடுத்து இரண்டு விஷயம் கேட்பார்கள். வீட்டில் நிற்கிறீர்களா என்பது ஒன்று. நாயைக் கட்டிப்போட்டாச்சோ என்பது மற்றது. நாய் வளர்க்கும் தமிழ் வீடு என்றால் அவ்வளவு பயம். வீட்டுக்காரரும் ஓம் ஓம் என்று சொல்லி, ஓடிப்போய்க் கட்டிவிட்டு வருவார்கள். அப்படியானால் அந்த நாய் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என்னை வாயாடி என்றார்கள்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அண்ணை வீட்டுக்கு நான் மகளோடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த நாய் வந்தது. என் கணவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த ஆள் என்றே எழுதுகிறேன். அந்த ஆளின் அடி தாங்க முடியாமல்தான் வந்தேன். அண்ணை அன்று பெரிதாகக் கொதித்தார். "அவன் இந்தப் பக்கம் வரட்டும், பாப்பம்" என்றார். அடுத்த கிழமையே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரனிடம் போய் ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் வாங்கி வந்தார்.

நல்ல வளர்ந்த நாய். பண்ணைக்காரன் அதைப் பிரெஞ்சில் பழக்கியிருந்தான். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். அவர் தமிழில் "இரு! இரடா!" என்று கத்துவார், அது அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டும். என் ஆறு வயது மகள் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னால் உடனே குந்திக்கொள்ளும். சாமியறை இருப்பதால் சமையலறைக்கு இங்கால் அதற்கு இடமில்லை. பகலெல்லாம் கராஜில் கிடந்து தபால்காரரையும் பனி அள்ளும் வண்டியையும் பார்த்துத் தொண்டை கிழியக் குலைக்கும். அண்ணைக்கு அதில் பெரிய பெருமை.

அதைவிடப் பெருமை அவருடைய பிஸ்டலில். இப்போது இந்த நாட்டில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. அவர் முன்பே வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போய்க் கடதாசியில் ஓட்டை போட்டுவிட்டு வருவார். கடதாசி பாவம், அது திருப்பி அடிக்காது. சட்டப்படி அந்தப் பிஸ்டல் குண்டில்லாமல், விசையில் ஒரு பூட்டோடு, நிலக்கீழ் அறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. குண்டுகள் வேறு பெட்டியில். எல்லாவற்றுக்கும் வேறு வேறு திறப்பு. ஆளுக்கெதிராக அதைப் பாவிக்க அவருக்கு ஒருவரும் அனுமதி கொடுக்கவுமில்லை.

"அந்த ஆள் வந்தால், கொஞ்சம் நில்லும், திறப்பு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுவியளோ அண்ணை?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை" என்றார். அண்ணையின் மனைவி, என் மச்சாள், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மச்சாள் அந்த வீட்டில் அதிகம் கதைப்பதில்லை.

எனக்கு வேண்டியது நாயுமில்லை, பிஸ்டலுமில்லை. அந்த ஆளுக்குக் கதவைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். இதை நான் அண்ணையிடம் வந்த முதல் நாளே சொன்னேன். அந்த ஆள் யன்னலை உடைத்து வரும் கள்ளனில்லை. மணி அடித்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வருகிற ஆள்.

அப்படித்தான் வந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் கோயில் சபையில் இருக்கும் பெரியவர் ஒருவர் அண்ணைக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "தம்பி, உம்மடை மச்சானும் நானும் வாறம். ஒருக்கா இருந்து கதைச்சுத் தீர்ப்பம். நாயை மட்டும் கட்டிப்போடும் ராசா."

"அண்ணை, வேண்டாம். கதவைத் திறக்காதேங்கோ" என்றேன்.

"வீடு தேடி வாற பெரிய மனிசனைத் துரத்தச் சொல்லுறியோ? நாளைக்குக் கோயிலிலை நான் என்னெண்டு முகம் காட்டுறது?"

"என்ரை கழுத்தைவிட உங்கடை முகம் பெரிசோ?"

"நான் நிக்கிறன், நாய் நிக்குது, பிஸ்டல் இருக்கு. என்னத்துக்குப் பயம்?" இதைச் சொல்லிக்கொண்டே நாயைக் கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கட்டினார். அதே வாய், அதே கை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாள் என் மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினார்.

ஒரு பை நிறைய அப்பிளும் முந்திரிகையும் கொண்டு வந்தார்கள். அந்த ஆள் புதுச் சட்டை போட்டு, மெலிந்து, நல்ல பிள்ளையாக வந்து சோபாவின் நுனியில் இருந்தார். மச்சாள் தேத்தண்ணி கொடுத்தார். பெரியவர் குடும்பம், மானம், பிள்ளையின் எதிர்காலம் என்று நீட்டி முழக்கினார். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பேந்து அந்த ஆள் மெதுவாகச் சொன்னார்: "குடும்பக் கதையை நாலு பேருக்கு முன்னாலை என்னெண்டு கதைக்கிறது? ஒரு அஞ்சு நிமிசம் தனிய."

நான் மாட்டேன் என்றேன். இரண்டு தரம் சொன்னேன். பெரியவர் "அதிலை என்ன பிள்ளை" என்றார். அண்ணை என் தோளைப் பிடித்துக் கணினி வைத்திருக்கும் சின்ன அறைக்குள் விட்டார். "வாசலிலைதான் நிக்கிறன்" என்றார்.

கதவு சாத்தியதும் அந்த ஆளின் முகம் மாறியது. எனக்குப் பழகிய முகம்.

"வாறியோ, இல்லையோ?"

"இல்லை."

கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் கராஜ். நாய்க்கு விளங்கிவிட்டது. சங்கிலி அறுந்துவிடுமோ என்கிற மாதிரி இழுத்துக்கொண்டு குலைத்தது. அப்போது வெளியில் அண்ணையின் குரல் கேட்டது. நாயைத்தான் ஏசினார். "சத்தம் போடாதை! ஆக்கள் வந்திருக்கினம்!" எனக்கு மூச்சு வரவில்லை. அந்த நேரத்திலும் அண்ணை மேல் வந்த ஆத்திரம், என் கழுத்தில் கை வைத்திருந்தவன் மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

காலால் எட்டி மேசையை உதைத்தேன். பிரின்டர் விழுந்து உடைந்தது. அண்ணைக்கு அது கேட்டது. கதவு பூட்டியிருக்கவில்லை, கைபிடியைத் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை. தடதடவென்று கீழே பிஸ்டல் எடுக்க ஓடினார்.

கதவைத் திறந்தவர் மச்சாள். வெறும் கையோடு வந்து, அந்த ஆளின் சட்டைக் கொலரைப் பின்னால் பிடித்து இழுத்து, "எடடா கையை!" என்று ஊர் கேட்கக் கத்தினார். அந்தப் பெண்ணுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. அந்த ஆள் திகைத்துக் கையை எடுத்தார். பெரியவர், "பிள்ளை, மரியாதை, மரியாதை" என்றார். மச்சாள் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போன் அடித்தார்.

பொலிஸ் வந்தபோது அந்த ஆள் சோபாவில் இருந்தபடி தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல பிரெஞ்சில், சின்னக் குடும்பப் பிரச்சினை என்று சிரித்தபடி சொன்னார். சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் வீரர் நிலக்கீழ் அறையிலிருந்து பிஸ்டலும் கையுமாக மேலே ஏறி வந்தார். விசைப் பூட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை, அதன் திறப்பு காருக்குள் இருந்ததாம். பொலிஸ்காரர்கள் இருவரும் துப்பாக்கியை உருவிக்கொண்டு கத்தினார்கள். அவர்கள் கத்தியது அண்ணைக்கு விளங்கவில்லை. ஐயோ, சுடப் போகிறார்களே என்று மச்சாள் குளறி, "கீழை போடுங்கோ! படுங்கோ!" என்று தமிழில் சொன்ன பிறகுதான் விழுந்து படுத்தார். கடவுளே, இந்த மனிதர் என்னைக் காப்பாற்ற வந்து தன் உயிரை விட்டிருப்பார்.

என் கழுத்தில் விரல் அடையாளம் இருந்ததால் அந்த ஆளைக் கொண்டு போனார்கள். என்னை நெருங்கக் கூடாது என்று பிறகு நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிஸ்டலையும் கொண்டு போனார்கள். அண்ணை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டார். "பொலிஸைக் கூப்பிட்டிருக்கத் தேவையில்லை. நான் பாத்திருப்பன்" என்று மச்சாளிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்ட பிறகு, நான் வேலை செய்யும் கர்க்லாண்ட் கார்டெரிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்கு, ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் எடுத்துக்கொண்டு போனேன். விலாசத்தை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சில மாதங்களில் அண்ணை மணி அடித்தார். கையில் சங்கிலி, பக்கத்தில் நாய், மற்றக் கையில் அதன் சாப்பாட்டு மூட்டை.

"இதை வைச்சிரு. பிள்ளையோடை தனிய இருக்கிறாய்."

"இவ்வளவு நாள் தனியத்தானே இருந்தன். இப்ப ஏன் திடீரெண்டு?"

அவர் நாயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அண்ணை, அந்த ஆள் உங்களோடை கதைச்சவரோ?"

"அவன் கதைக்கேல்லை. பெரியவர்தான் கேட்டவர். பிள்ளையின்ரை தகப்பன் எல்லோ, ஏதோ கடுதாசி அனுப்ப வேணுமாம். அந்த மனிசனுக்கு முகத்துக்கு நேரை தெரியாதெண்டு பொய் சொல்லேலுமோ?"

விலாசத்தையும் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நாயையும் கொண்டு வந்திருந்தார். சங்கிலியை என் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றார்.

நான் கதவைச் சாத்தினேன். இப்போது நாங்கள் மாறிப் போய் இருக்கும் இடம் மச்சாளுக்கு மட்டும் தெரியும்.