கிட்னி அக்காவின் பச்சை வட்டங்கள்

அடுத்தவர் தட்டிவிடும் எண்களை நம்பிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. சிறுநீரகம் பழுதான இளையர்கள் ரத்த அழுத்தம், எடை, சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் கைபேசிச் செயலியில் பதிவார்கள். தாதியான நான் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து ஆளை மறந்துபோகிறவர் நீங்களும் என்றால், இது உங்களுக்கும்தான்.

பட்டியலில் இல்லாத ரசம்

செயலி வந்த புதிதில் அதன் உணவுப் பட்டியலில் சூப் மட்டும் ஒரு பக்கம் இருந்தது, ரசம் இல்லை. கண்டுபிடித்தவள் சுபா. இருபத்து நான்கு வயது, பூன் லேயில் அம்மாவோடு இருந்தாள், சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது. ரத்த அழுத்தத்தை அடக்கி வைத்தால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பல வருடங்களைக் காப்பாற்றிக் கொடுக்கத்தான் செயலியும் நானும்.

ஒரு கிண்ணம் ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று பதிவது எனக் கேட்டாள். அம்மா எத்தனை கரண்டி போடுவார் என்று நான் திருப்பிக் கேட்டேன். "எங்கம்மா அளந்தெல்லாம் போட மாட்டாங்கக்கா, அன்னிக்கு வர்ற கோவத்தைப் பொறுத்துப் போடுவாங்க."

வேலை பாதியானது

முன்பு வாரம் ஒருமுறை எல்லாரையும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா, முகம் வீங்கியிருக்கிறதா என்று வளவளவென்று பேசுவேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எண்கள் சரியாக இருந்தால் அன்றைக்குப் பச்சை வட்டம், எல்லை தாண்டினால் சிவப்பு. சிவப்புக்கு உடனே ஃபோன், பச்சையை விட்டுவிடலாம். என் வேலை பாதியாகக் குறைந்தது, மேலிடத்திலும் தட்டிக்கொடுத்தார்கள்.

செயலியை எழுதிய ஹனிபா மட்டும் கொஞ்சம் இழுத்தான். கம்ப்யூட்டர்காரனுக்கு நோயாளியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அவன் கேட்டது இவ்வளவுதான்: "பேசிப் பார்த்தாத்தானேக்கா நல்லா இருக்காங்களான்னு தெரியும்?"

சனிக்கிழமைச் சிவப்பு

ஒரு சனிக்கிழமை மாலை சுபாவின் வட்டம் சிவந்தது. கூப்பிட்டேன். அன்றைக்கு அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கைபேசி பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. என் எண்ணை அவள் 'கிட்னி அக்கா' என்று பதிந்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் எடுத்து நீட்டினாராம்.

நோயை மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. தனியாகப் பேசும்போது மாப்பிள்ளையிடம் தானே சொல்வதாக இருந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். சம்பந்தம் அதோடு நின்றது. திங்கட்கிழமை அவள் அம்மா கூப்பிட்டபோது, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவே இல்லை. "அவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்மா."

முன்மாதிரி

அதற்குப் பிறகு சுபாவுக்கு ஒரு சிவப்புகூட வரவில்லை. மாதக்கணக்கில் பச்சை. தேக்காவில் நடந்த ஒரு விளக்கக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல் அவள் வட்டங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வர ஓவர்டைம் இடிக்கிறது என்று இரண்டு முறை தேதி மாற்றக் கேட்டாள்; பச்சைதானே என்று நானே மாற்றிக் கொடுத்தேன். கிளினிக்கில் எடுத்தால் மட்டும் அழுத்தம் எகிறியது. இங்கே வந்தாலே பயம் என்றாள் அவள். வீட்டில் எப்படி என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் வட்டங்களைக் காட்டினேன்.

அவள் வேலையிடத்தில் மூச்சுத் திணறி விழுந்த மறுநாள் ஹனிபா அவளுடைய பதிவுகளைத் திறந்தான். வட்டங்களுக்குப் பின்னால் இருந்த எண்களை அன்றைக்குத்தான் நான் வரிசையாகப் படித்தேன். ஹனிபா திரையைத் தொட்டுக் காட்டினான். "ரெண்டே ரெண்டு ரீடிங்கை மாத்தி மாத்திப் போட்டிருக்கா அக்கா, நாம ஒருத்தரும் பார்க்கல."

குவீன்ஸ்டவுன்

இப்போது வாரம் மூன்று நாள் அவளுக்கு குவீன்ஸ்டவுனில் டயாலிசிஸ். ஒருநாள் போனேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு கேட்கக் கூடாததையும் கேட்டேன்: ஏன் பொய்யாகப் பதிந்தாய்? ஊசி குத்திய கையை அசைக்காமல், எனக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்பது போல மெதுவாகத்தான் சொன்னாள். "சிவப்பு வந்தா நீங்க கூப்பிடுவீங்கல்லக்கா, அதான் பச்சையாவே போட்டேன் லா."

தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை செயலி ஒரு தடவைகூடப் பழுதானதில்லை. பழுதானது சுபாவின் சிறுநீரகமும், எனக்கு எல்லாம் தெரியும் என்ற என் நினைப்பும்தான்.