பல்லுக்கு ஆறு

வேலாண்டி பகலில் சூளையில் ஓடு அடுக்குவார். கோயிலில் பூரத் திருவிழா வந்துவிட்டால் பஞ்சாரி மேளத்தில், செண்டைக்காரர்களுக்குப் பின்வரிசையில் நின்று இலத்தாளம் என்ற வெண்கலக் கைத்தாளம் தட்டுவார். முப்பது வருஷமாக அந்தக் குழுவின் கணக்கு அவர் வாயில்தான் இருந்தது. நிஜமாகவே வாயில்.

மேளத்தின் மெதுவான முதல் காலத்தில் ஒரு சுற்றுக்குத் தொண்ணூற்றாறு அடி. இரண்டு கையிலும் தாளம் இருக்கும்போது விரல்விட்டு எண்ண முடியாது. வேலாண்டி ஆறு அடிக்கு ஒரு பல் என்று நாக்கை நகர்த்துவார். மேல்வரிசையில் பதினாறு பல். கடைசிப் பல்லோடு சுற்று முடியும். அப்போது தாளத்தைத் தலைக்கு மேல் உயர்த்துவார். அதைப் பார்த்துக் கொம்பு வாத்தியங்கள் முழங்கும். அடுத்த காலத்துக்கு நாற்பத்தெட்டு அடி, பாதி வாய் போதும். அப்புறம் நாலு பல், இரண்டு, ஒன்று.

ஓர் அடி பிசகினால் கூட்டத்துக்கே தெரியும். முழுசாக ஓர் ஆறு விட்டுப்போனால் எந்தக் காதுக்கும் தெரியாது. தொண்ணூறும் ஆறில் அடங்குமே! அதைப் பிடிக்கத்தான் வேலாண்டி.

இந்த வருஷம் பூரத்துக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய மேல்வரிசைக் கடைசிப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மேளத்தை நடத்தும் குட்டிராம மாராருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"பதினஞ்சு பல்லாயிடுச்சேடா! தொண்ணூறுலயே கையைத் தூக்கிடுவ. வேற ஆளை நிறுத்தட்டுமா?"

"பல்லுதானே போச்சு மாராரே, குழி அங்கயேதான் இருக்கு. அதுக்கும் ஆறு."

"தப்பாத் தூக்கினியோ, அடுத்த வருஷம் நீ தீப்பந்தம் பிடிக்கத்தான் வருவ, பாத்துக்க."

பூரத்தன்று முதல் காலத்தின் மூன்றாவது சுற்றில் ஒரு யானை சங்கிலியை இழுத்தது. பாகன் அதட்டினான். மாராரின் கண் ஒரு கணம் அங்கே போய் வந்தது. கை தவறவில்லை, கணக்கில் மட்டும் ஓர் ஆறு கூடிவிட்டது. பதினைந்தாவது பல் முடிந்ததும் அவர் திரும்பி, 'தூக்கு' என்று புருவத்தால் அதட்டினார்.

வேலாண்டி தலையை ஆட்டி மறுத்தார். வரிசையே அவரைப் பார்த்தது. பல்லில்லாதவன் சொதப்பிவிட்டான் என்றுதான் எல்லா முகத்திலும் எழுதியிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நாக்கு, இன்னும் நோவு ஆறாத குழிக்குள் இறங்கியது. ஒன்று, இரண்டு... ஆறு.

கை மேலே போனது. எதிரே கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த குழல்காரரும், யாரையும் பார்க்காமலே, அதே அடியில் சுற்றை முடித்தார். கொம்புகள் முழங்கின.

மேளம் ஓய்ந்ததும் மாரார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வேலாண்டி, பல்லு பிடுங்கினது உனக்கா, எனக்காடா?"