பாதுஷாவுக்குக் கறுப்புப் பொட்டு

எங்கள் வீட்டுச் சமையல் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் எட்டுப் பக்கங்களும் கிடையாது. ஏதோ ஒரு ரசத்தின் நடுவிலிருந்துதான் அது ஆரம்பிக்கும். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு அது. எல்லோரும் குத்துவிளக்கும் ஹாட் பாக்ஸும் கொடுத்தபோது அத்தை மட்டும் புத்தகம் கொடுத்தார். "என் தம்பி வாய்க்கு ருசியாச் சாப்பிட்டு வளந்தவன்" என்று கூடவே ஒரு வாக்கியமும் கொடுத்தாராம். அட்டை கிழிந்து எங்கோ போய்விட்டது. அந்த வாக்கியத்தை மட்டும் அம்மா பத்திரமாக வைத்திருந்தாள்.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கெலமங்கலம் சாலையில், ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் ரோஜாத் தோட்டத்தை ஒட்டிக் கட்டியிருந்த ஐந்து லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், லைன் வீட்டுப் பெண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாய் விரித்து உட்காருவார்கள். நடுவில் எங்கள் புத்தகம் இருக்கும். யார் எதைச் செய்து பார்த்தார்கள், எது வந்தது, எது காலை வாரியது என்று ஒரு பெரிய விசாரணையே நடக்கும். தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று பேச்சு புரளும். எல்லோருக்கும் தமிழ் படிக்க வராது என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். செய்து வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. வராவிட்டால் கறுப்புப் பொட்டு.

அம்மா தூத்துக்குடிக்காரி. புத்தகத்தில் இட்லி மாவை எட்டு மணி நேரம் புளிக்க வைக்கச் சொல்லியிருந்தது. மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் மாவு அரைத்து வைத்தபடியே கிடந்தது. "எங்க ஊர்ல ராத்திரி கரைச்சு வச்சா காலைல பொங்கி வழியும். என் கைதான் சரியில்ல போல" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, புஸ்தகம் எழுதுனவங்க ஓசூர் குளிர்ல குந்திக்கினா எழுதுனாங்கோ? சட்டிய கம்பளியில சுத்தி அடுப்பாண்ட வை" என்றார் வீட்டுக்கார அக்கா. மாவு மறுநாள் பொங்கியது. ஆனாலும் அந்தப் பக்கத்துக்குக் கறுப்புப் பொட்டுதான் என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் பள்ளிக்கூடத்து நியாயம். கறுப்பு என்றால் பெயில். அப்படிப் பார்த்தால் லைனிலேயே அதிகம் பெயிலானவள் என் அம்மா. ஏழு பக்கங்களில் அவளுடைய கறுப்புப் பொட்டு இருந்தது. எண்ணெயில் போட்டதும் கரைந்துபோன பாதுஷா அதில் கடைசி.

இந்த நிலைமையில் பொங்கல் லீவுக்கு அத்தை வருவதாகப் போன் வந்தது. வந்தால் புத்தகத்தைப் புரட்டாமல் போகமாட்டார். அம்மா இரண்டு நாள் வீட்டைத் துடைத்த துடைப்பைப் பார்த்தே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம், ஏழு கறுப்பையும் நகத்தால் பெயர்த்துவிட்டு ஏழு சிவப்பை ஒட்டினேன். என் அம்மாவை நானே பாஸ் போட்டேன்.

அத்தை வந்தார், புரட்டினார், பொட்டுகளைக் கேட்டார். அம்மா அடுப்படியில் இருந்ததால் நானே விளக்கம் சொன்னேன். "பரவாயில்லையே" என்றார். அத்தையிடம் இருந்து வந்த 'பரவாயில்லையே' எங்கள் வீட்டில் ஒரு மெடலுக்குச் சமம். நான் தரையில் நடக்கவில்லை.

அம்மா அத்தையை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவர்கள் முஸ்லிம் குடும்பம். பெரியப்பா சந்தை சந்தையாகத் துணி வியாபாரம் செய்தார். அவர்கள் பெண்ணை நான் அக்கா என்பேன். பெரியம்மாவின் கை மணம் ஐந்து வீட்டுக்கும் தெரியும், ஆனால் இனிப்பில் அவருக்குப் பாயசத்தைத் தாண்டிப் பழக்கமில்லை.

"ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரியில இருந்து அக்காவப் பொண்ணு பாக்க வராங்க கண்ணு. கடைப் பலகாரம் வைக்க மனசு வரல. புஸ்தகத்தக் குடு" என்றார். நின்றபடியே புரட்டினார். "பாதுஷாவுக்குச் செவப்பு இருக்குதே. அம்மாவுக்கு நல்லா வந்துச்சா?"

அம்மா பாதுஷா செய்த வாரம் அவர் கல்லாவியில் தங்கை வீட்டில் இருந்தார். அவருக்குத் தெரிய வழியில்லை. என் தலை தானாக ஆடியது. "வந்துச்சு பெரியம்மா."

ஞாயிற்றுக்கிழமை வரை நான் எதிர்வீட்டுப் பக்கமே போகவில்லை. அன்று காலை எண்ணெய் காயும் வாசனை வந்ததும் ஓடினேன். பெரியம்மா வாணலி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாதுஷா என்று உள்ளே ஒன்றுமில்லை. எண்ணெய் முழுக்கப் பழுப்புத் தூள் நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அக்கா புதுச் சேலையில் தலைமுடி பின்னிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் சூளகிரி தாண்டிவிட்டார்கள், அரை மணியில் வந்துவிடுவார்கள் என்று அவர்களை எதிர்கொள்ளப் போயிருந்த பெரியப்பா போனில் சொன்னார்.

நான் அழுதுவிட்டேன். பொட்டு மாற்றிய கதையை ஒன்று விடாமல் கொட்டினேன்.

பெரியம்மா அடுப்பை அணைத்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். "ஏன் கண்ணு அப்பிடி செஞ்ச?"

"அத்தை பாத்தா அம்மாவுக்குச் சமைக்கத் தெரியலன்னு நெனைப்பாங்க."

அவர் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார். "அழுவாத. அந்தச் சல்லடைக் கரண்டிய எடு."

தூளை அரித்தெடுத்து எண்ணெய் வடித்தார். பாதுஷாவுக்காகப் பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பாகில் கொட்டினார். ஏலக்காயும் முந்திரியும் போட்டுக் கிளறித் தட்டில் அழுத்தி, சூடு ஆறுவதற்குள் சதுரமாகக் கீறினார். என்னை விசிறச் சொன்னார். நான் ஒரு நோட்டு அட்டையால் உயிரைக் கொடுத்து விசிறினேன். வாசலில் வேன் வந்து நின்றபோது தட்டில் இருந்ததற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இது என்னா பலகாரம்?" என்று கேட்டார். "எங்க லைன்ல செய்யறதுங்க" என்றார் பெரியம்மா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். நான் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டேன். மூன்றாவது நாள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். அது அக்காவின் முகத்துக்கா பலகாரத்துக்கா என்று லைனில் வெகுநாள் வாதம் நடந்தது.

அன்று வேன் போனதும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு மற்ற ஆறு பக்கங்களையும் காட்டச் சொன்னார். அம்மாவின் பொட்டு அட்டையை நான் எடுத்துவர, இருவருமாகக் கறுப்பை ஒட்டினோம். பாதுஷாப் பக்கத்திலும் நான் கைவைக்கப் போக, "அத நான் பாத்துக்கறேன்" என்று சிவப்பைத் தானே பெயர்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் மத்தியானம் பாயில் எல்லோரும் கூடியதும் அவரே ஆரம்பித்தார். "இந்தப் புஸ்தகத்துல பாதுஷா வராதுங்க. மாவுக்குச் சரிசமமா வனஸ்பதி போடச் சொல்றாங்க, கரையாம என்னா பண்ணும்? நேத்து எம் பொண்ணு விசேஷத்துக்கே கரைஞ்சி போச்சி." பிறகு அம்மாவிடம் கை நீட்டினார். "ஒரு கறுப்புப் பொட்டு குடும்மா."

"உங்களுக்கா வரல?" என்றாள் அம்மா. நம்ப முடியாமல் இரண்டு தரம் கேட்டாள். "எனக்கும் வரலக்கா. நான் என் கைதான்னு நெனச்சேன். உங்களுக்கே வரலையா?"

நெற்றியில் பொட்டு வைக்காத பெரியம்மா, புத்தகத்துக்கு ஒன்றை அழுத்தி ஒட்டினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு அன்றைக்கே நன்றி சொன்னேன், மனசுக்குள். அதற்கு மேல் அதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா வாசலுக்கே போய்விட்டாள். "கேட்டீங்களா? பாதுஷா எதிர்வீட்டு அக்காவுக்கே வரலையாம்!" அத்தை 'பரவாயில்லையே' என்றதை நான் சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை. அவளுக்காக நான் ஏழு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தேன். ஒரே ஒரு கறுப்புப் பொட்டுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.