ஊருக்காக ஊற்றிய தண்ணீர்

போன கிழமை புத்தளத்தில் ஒரு லேடி டொக்டரின் அறையில் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ரிஸ்னாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேறு.

தில்லையடியில் என் பக்கத்து வீட்டுப் பரீதா, மூத்த மகள் ரிஸ்னாவைக் காட்டுவதற்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். பிள்ளைக்குப் பதினேழு வயது. மாதவிடாய் வருவதில்லை.

"முதல்ல எப்ப வந்தது?" என்று கேட்டார் டொக்டர்.

"பதினஞ்சு வயசுல வந்திச்சி டொக்டர். இப்ப கொஞ்சக் காலமாத்தான் நிண்டிரிக்கி," என்றாள் பரீதா.

நானும் தலையாட்டினேன். பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று தண்ணீர் வார்த்த அன்று விருந்தில் வட்டிலப்பம் சாப்பிட்டு, பிள்ளைக்கு மோதிரமும் போட்டுவிட்டு வந்தவள் அல்லவா நான்!

வந்தது நின்றால் டொக்டர்மார் பல காரணங்களைத் தேடுவார்கள். தைரொய்ட், உடல் மெலிவு, மனக்கவலை... ஆனால் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான் – வயிற்றில் பிள்ளையா? அதற்கு யூரின் டெஸ்ட் எழுதி, எதற்கென்றும் சொன்னார்.

பரீதா கதிரையிலிருந்து துள்ளி எழுந்தாள். "யா அல்லாஹ்! எண்ட குமருப் புள்ளயப் பார்த்தா இப்பிடிக் கேக்குறீங்க?"

"எல்லாருக்கும் செய்யிறதுதான்..." டொக்டர் சொல்லி முடிக்கவில்லை. அதுவரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்னா வாய் திறந்தாள்.

"டொக்டர், எனக்கு இன்னும் ஒருக்காவும் வரல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் அந்தத் தண்ணீர்? அந்த விருந்து?

நடந்தது இதுதான். இளையவள் முந்திக்கொண்டு பெரிய பிள்ளையாகிவிட்டாள். மூத்தவள் இருக்க இளையவளா – ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? இளையவளின் வாயை அடைத்துவிட்டு, மூத்தவளுக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறாள் இந்தக் கெட்டிக்காரி!

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வந்து நிற்கிறது வேற, வராமலே இருக்கிறது வேற. பதினஞ்சு தாண்டியும் வரல்லயெண்டா உடனே காட்டணும். ஹார்மோன் குறைவா இருக்கலாம், கர்ப்பப்பையில பிறவிக் குறை இருக்கலாம், வெளியேறுற வழி அடைபட்டும் இருக்கலாம். ரெண்டு வருஷத்த வீணாக்கிட்டீங்களே!" ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ஊருக்குப் பயந்து ஊரை ஏமாற்றினாய், சரி. டொக்டரிடமும் அதே பொய்யா? தடிமன் தும்மலுக்கெல்லாம் டொக்டரைத் தேடிக் கொழும்புக்கு ஓடுகிற சனம், பெண் பிள்ளையின் உடம்பு என்றால் மட்டும் வாயைத் தைத்துக்கொள்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து எழுதியிருந்தால், அதையும் அந்தப் பிள்ளைதானே விழுங்கியிருக்க வேண்டும்?

திரும்பி வரும்போது த்ரீவீலில் பரீதா என் காதைக் கடித்தாள். "ராத்தா, ஸ்கேன் எடுக்கப் போறத ஊருக்கு என்னண்டு சொல்லுற?"

நான் வெடிப்பதற்குள் ரிஸ்னா முந்திக்கொண்டாள்.

"ஸ்கேன் கட்டில்ல படுக்கப்போறது நானா உம்மா, ஊரா?"