தண்ணீர் ஊசி

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் நான் நர்ஸாக இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இப்போது இல்லை. வலி ஊசி மருந்து வைத்திருக்கும் அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த பயம் மட்டும் இன்னும் போகவில்லை. மருந்து கொஞ்சம் கூடினால் நோயாளியின் மூச்சு அடங்கிவிடும். குறைந்தால் வலியில் துடிப்பார். நடுவில் நான், இருபத்து மூன்று வயதில், நிமிஷத்துக்கொரு தரம் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பட்டு நெசவாளர். வயிற்றில் புற்றுநோய். வேலூர் வரை போய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பியவர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி முதலில் போதுமாக இருந்தது. பிறகு நாலு மணி நேரத்திலேயே அவர் மனைவி ஓடிவர ஆரம்பித்தார்.

"சிஸ்டர், ஜல்தி வாங்க. மனுஷன் துடிச்சிகினு இருக்காரு."

வலி தாங்காவிட்டால் முன்னாலேயே போடலாம் என்று டாக்டர் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் எங்கள் தலைமை நர்ஸ் விடவில்லை.

"ஊசி பழகிடுச்சிம்மா அந்த ஆளுக்கு. சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காரு. தண்ணி ஊசி போடு, பாக்கலாம்."

அப்போதெல்லாம் அது வழக்கம்தான். மருந்து கலக்கும் வெறும் தண்ணீரை ஏற்றி, மருந்து என்று சொல்லிப் போடுவோம். அடங்கினால் வலி பொய் என்று அர்த்தமாம். என்ன அர்த்தமோ! எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. போட்டேன்.

அரை மணி கழித்து அவர் கட்டிலருகே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"கொறைஞ்சிடுச்சிம்மா. நீங்க போங்க, பயந்துகினு நிக்காதீங்க" என்றார்.

அப்பாடா என்று திரும்பினேன், வெட்கமில்லாமல். அப்போதுதான் போர்வை அசைவது கண்ணில் பட்டது. உள்ளே இரண்டு கால்களும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன, தறிக்குழியில் மிதியை மிதிப்பதுபோல.

"வலி தாங்கலைனா இப்படித்தாங்க. வாயைத் தெறக்க மாட்டாரு, கால் நிக்காது" என்றார் மனைவி.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு அலமாரிக்கு ஓடினேன். நிஜ மருந்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். மெல்ல மெல்லக் கால்கள் நின்றன. வலி நின்றதா, ஆளே நின்றுவிட்டாரா? மூக்கருகே கையை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை நர்ஸ் வந்தார்.

"பாத்தியா? தண்ணிக்கே எப்படித் தூங்கறாரு! இனிமே இதையே போடு."

எனக்குப் பகீரென்றது. நான் வாயை மூடிக்கொண்டால் இந்த மனிதருக்குச் சாகும்வரை தண்ணீர்தான். பையிலிருந்த காலி மருந்துக் குப்பியை எடுத்துத் தலைமை நர்ஸ் முன்னால் நீட்டினேன்.

"தண்ணி இல்லீங்க. நெஜ மருந்துதான் போட்டேன். தண்ணிக்குக் கால் நிக்கவே இல்லீங்க."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு, காது கூசும்படி திட்டினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை, ஊசி நேரத்துக்கு வெகு முன்பே தலைமை நர்ஸ் அந்தக் கட்டிலுக்குப் போனார். நெசவாளரிடம் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் வைத்து, "போ, ஜல்தி எடுத்துகினு வா" என்றார்.