உப்பும் தண்ணீரும்

ஒன்பதாம் வகுப்பில் வேதியியலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்க இது தெரியும். ஏனென்றால் வீடு வீடாகப் போய்ச் சொன்னவளே நான்தான். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் கிடைக்கும் என்று உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்களை நிறுத்தி வைத்து விளக்கியிருக்கிறேன். உப்புக்கு இவ்வளவு பாடா என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது எங்களோடுதான் இருந்தாள். தையல் வகுப்பில் சோப்புக் காய்ச்சவும் கற்றுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். தன் கையால் செய்த சோப்பு ஒரு பெட்டி கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஒரு சனிக்கிழமை தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி வந்தாள். காஸ்டிக் சோடா காரம் ஆயிற்றே. மேற்பார்வை என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்த சட்டியைத் தூக்கும்போது அது கைநழுவிச் சரிந்தது. கரைசல் சித்தியின் முன்கையெல்லாம் வழிந்தது. "வழுவழுன்னு இருக்கு" என்று முதலில் சிரித்தாள். பிறகு அலறினாள்.

நான் பதறவில்லை. காரத்தை முறிக்க வினிகர் என்ற அமிலம் இருக்கிறதே. அடுப்படிக்கு ஓடி, இறைச்சிக்கு ஊற்ற வைத்திருந்த வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அம்மா சித்தியை முற்றத்துக்கு இழுத்துப்போய், குடத்தைச் சரித்துக் கையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"யம்மா, தண்ணி பத்தாது. இத ஊத்துனா எல்லாம் உப்பும் தண்ணியுமா மாறிரும்."

"ஏளா, தண்ணியா மாறணும்னா தண்ணியவே ஊத்திருதேன். உப்பு வேண்டாம்."

சித்தி அழுகைக்கிடையே, "படிச்ச புள்ள சொல்லுதா, ஊத்தட்டும்க்கா" என்று கையை என் பக்கம் நீட்டினாள். நான் மூடியைத் திறந்துகொண்டு குனிந்தேன். அம்மா ஓங்கித் தட்டியதில் பாட்டில் சுவரில் பட்டு உடைந்தது.

"நிக்காத. அடுத்த வீட்டு மாமிட்ட ரெண்டு குடம் வாங்கிட்டு வா."

குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வீட்டிலிருந்த நாலு குடமும் சித்தியின் கையில் போயின. மாமி வீட்டுக் குடங்களும் போயின. நான் அழுதுகொண்டேதான் சுமந்தேன். அந்த அழுகை சித்திக்காக அல்ல, எனக்கு நேர்ந்த அவமானத்துக்காக.

"இவ்வளவு தண்ணி ஊத்துனதாலதான் கை தப்பிச்சுது" என்றார் டாக்டர். அவர் வேதியியலில் மார்க் குறைவாக வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சித்தி தழும்பு தெரியாமல் மணிக்கட்டு வரை கைவைத்த ரவிக்கையோடு கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவுக்கு என் வைத்தியம் எங்கே புரியப்போகிறது என்று நான் ரொம்ப நாள் இரக்கப்பட்டேன்.

கல்லூரி முதல் வருடம், ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் சோடா கரைசலில் அமிலத்தை ஊற்றினேன். சோதனைக் குழாய் விரலைச் சுட்டது. கீழே போடப் பார்த்தேன். உப்பும் தண்ணீரும் பாடத்தில் இருந்தபடியே கிடைத்தன. எங்கள் ஒன்பதாம் வகுப்புச் சமன்பாட்டில் அந்தச் சூட்டை யாரும் எழுதியிருக்கவில்லை. சித்தியின் வெந்த தோலில் அதைத்தான் ஊற்ற இருந்தேன். அவளும் என்னை நம்பிக் கையை நீட்டியிருந்தாள்.