முடிவு பார்க்காத குடும்பம்

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "எல்லாம் நல்லா இருந்தது, முடிவுலதான் சொதப்பிட்டான்" என்று சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு நொடி தூக்கிவாரிப் போடும். முடிவையும் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிற மனிதர்களோடு வளர்ந்தவள் இல்லை நான். நாலாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் ஒரு சினிமாவின் முடிவையும் நான் பார்த்ததில்லை, ஒரு நாவலின் கடைசித் தாளையும் படித்ததில்லை. ஆனால் அபிப்பிராயத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. ஆலைக்குக் கரும்பு போன பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் என்னையும் கள்ளக்குறிச்சிக்குப் படத்துக்குக் கூட்டிப்போவார். மதிய ஆட்டம் ஐந்தரைக்கு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி வண்டியோ ஐந்து மணிக்கு. ஆகவே, கதாநாயகன் கடைசிச் சண்டைக்குக் கிளம்புகிற நேரத்தில் நாங்களும் கிளம்பிவிடுவோம். "எழுந்திரிங்க, வண்டி பூடும்" என்பார் அப்பா. இருட்டில் நாலு பேர் காலை மிதித்து, நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவோம்.

மிச்சப் படம் பேருந்தில் ஓடும். அதை ஓட்டுவது அப்பா. அவர் ஓட்டும் படங்களில் யாரும் சாகமாட்டார்கள். மலையிலிருந்து தள்ளப்பட்டவன் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டு மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து பழையது சாப்பிடுவான். வில்லன் திருந்திக் கரும்பு வெட்டப் போய்விடுவான். கதாநாயகியின் அப்பா படம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தாரே என்று கேட்டால், "அந்தாளு கெட்டவன் இல்ல பாப்பா, சுகர் இருக்கும், அதான் சுருக்குனு கோவம் வருது" என்பார். முன் சீட்டில் இருப்பவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள்.

நாவல் கதையும் இதேதான். அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவள். மாத நாவல் என்றால் உயிர். அப்பாதான் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிவருவார். புத்தம் புதுசாக, மை வாசனையோடு இருக்கும். கடைசித் தாள் மட்டும் இருக்காது. "அச்சாபீஸ்காரன் காயிதம் கம்மி பண்ணிட்டான்" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அம்மா கோபித்துக்கொண்டதே இல்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு ஒரு வேலைக்குப் போனா எல்லாம் சரியாப் பூடும்" என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லி முடித்துவிடுவாள்.

தொலைக்காட்சியில் பார்த்துவிடலாமே என்பீர்கள். அது மின்வெட்டுக் காலம். எங்கள் வீட்டில் படம் முடிகிற நேரமாகப் பார்த்துத்தான் கரண்ட் போகும். ஒருநாள் அப்படிப் போனபோது நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் மாவு மில் மாதிரி மிக்சி ஓடுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபியூஸ் கட்டை இருக்கும் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அப்பா, "நம்ம வூட்டு லைன் வேற பாப்பா" என்றார். நான் நம்பினேன். அப்பா சொன்னால் எனக்கு அது பாடப்புத்தகத்துக்கும் மேல்.

அந்தத் தொலைக்காட்சிக்கு மேலேதான் மாமாவின் படம் மாட்டியிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மலையில் பெய்த மழைக்குக் கீழே ஓடையில் வந்த வெள்ளத்தில் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

எனக்கு வந்த சிக்கல் பள்ளிக்கூடத்தில். திங்கட்கிழமை மதியம் சத்துணவு சாப்பிட்டுவிட்டு எங்கள் வகுப்புப் பெண்களுக்குப் படக்கதை சொல்வது நான்தான். அப்பா பேருந்தில் சொன்ன முடிவோடு சேர்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன். ஒருநாள் ஒருத்தி எழுந்து, அவள் குடும்பத்தோடு அதே படத்தைக் கடைசிவரைக்கும் பார்த்ததாகவும், நான் வீட்டுக்கு அனுப்பிவைத்த கதாநாயகனை அவள் கண்ணெதிரே பாடையில் தூக்கிப்போனார்கள் என்றும் சொல்லிவிட்டாள். அது பொய் என்று சண்டை போட்டேன்.

"உங்கப்பாதான் புளுவுறாரு" என்றாள் அவள்.

என்னை எது சொன்னாலும் பொறுத்திருப்பேன். அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரே ஒரு படத்தையாவது கடைசிவரைக்கும் பார்த்து, அப்பா சொல்வது சரி என்று அவள் முகத்தில் கரியைப் பூசவேண்டும்.

அடுத்த ஞாயிறு திருக்கோவிலூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அப்பா எங்கள் ஊரில் பெரிய மனிதர் என்றாலும் அத்தைக்கு முன்னால் கால்சட்டை போட்ட பையன்தான். எங்களோடு அவளும் படத்துக்குக் கிளம்பினாள்.

லாரி ஓட்டும் இரண்டு சிநேகிதர்களின் கதை அது. ஒருவன் முரடன், ஒருவன் வாயாடி. வாயாடியைத் தியேட்டரில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவன் முகத்தைக் காட்டும்போதெல்லாம் அம்மா சிரித்தாள். இடைவேளையில் முறுக்கு வாங்கித் தந்த அப்பா, "அந்தச் சின்னவனுக்குத்தான் கடைசியில கல்யாணம்" என்று அடித்துச் சொன்னார். பிறகு கதையில் மழை வந்தது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியது. லாரி நடுவில் நின்றது. அப்பா எழுந்துவிட்டார்.

"எழுந்திரிங்க, வண்டி பூடும்."

"எந்த வண்டி?" என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அஞ்சு மணி வண்டி, அக்கா. அத வுட்டா ஊருக்கு வண்டி இல்ல."

"ஏன் இல்ல? ஆறேகாலுக்கு ஒண்ணு கூட்டுரோடு வரைக்கும் போவுதே. வரும்போதே கண்டக்டரக் கேட்டுக்கினுதான் வந்தேன். எறங்கி ரெண்டு எட்டு நடந்தா வூடு. குந்துடா, மறைக்குது."

என் கையில் இருந்த முறுக்கு கீழே விழுந்தது. ஆறேகாலுக்கு ஒரு வண்டியா? அப்படியானால் இத்தனை படங்கள், இத்தனை கால்களை மிதித்தது, இத்தனை திட்டு? அப்பா மறுத்துச் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மறுக்கவில்லை. திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார். புளுகு என்று சொன்னவளின் முகம் என் கண்முன் வந்தது.

"குந்துங்க" என்றாள் அம்மா, மெதுவாக. அவளுக்கும் என்னைப்போல முடிவைப் பார்க்கிற ஆசைதான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு ஆறேகால் வண்டி தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அப்பா உட்கார்ந்தார். திரையில் வாயாடி வெள்ளத்தில் விழுந்துவிட்டான். முரடன் பாலத்தின் கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் கையைப் பிடித்தான். தண்ணீர் இழுத்தது. விரல் ஒவ்வொன்றாக நழுவியது. தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. கை வழுக்கிவிட்டது. தலை ஒருமுறை மேலே வந்தது, பிறகு வெறும் தண்ணீர்.

நான் பயப்படவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வேரைப் பிடித்து ஏறிவிடுவான் என்று எனக்குத் தெரியும். அப்பா எத்தனையோ பேரை அப்படிக் கரையேற்றியிருக்கிறார். காத்துக்கொண்டே இருந்தேன். முரடன் கரையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் எழுத்து ஓடியது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதானா? அவ்வளவுதான் முடிவா? சினிமா எடுத்தவர்கள் இவ்வளவு கொடுமைக்காரர்களாக இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இதைக் கேட்கத்தான் அப்பா பக்கம் திரும்பினேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பாக்கள் அழுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வாயாடி செத்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. அம்மா அழவில்லை. அப்பாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குந்து என்று அதட்டிய அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறேகால் வண்டியில் இடம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் அபிப்பிராயம் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சும்மா இருந்ததால் பின் சீட்டு ஆட்கள் கச்சேரியை ஆரம்பித்தார்கள். அவர்களும் அதே தியேட்டரிலிருந்து வருகிறவர்கள்.

"ஒரு கைய புடிக்கத் தெரியல, இவன்லாம் ஒரு ஹீரோ" என்றார் ஒருவர்.

"கூடப் பொறந்தவனா இருந்தா வுட்டிருப்பானா? எவனோதானே, வுட்டுட்டான்" என்றார் இன்னொருவர்.

அப்பாவின் கழுத்து ஒடுங்கியதை நான் பார்த்தேன். அம்மா திரும்பினாள். வேற்று ஆண்களிடம் ஏறெடுத்துப் பேசாதவள், வண்டியே கேட்கும்படி பேசினாள்.

"தண்ணி இழுக்கற இழுப்பு உங்களுக்கு இன்னாங்க தெரியும்? நனஞ்ச கை வழுக்கத்தான் செய்யும். அவன் வுட்டான்னு சொல்லாதீங்க. அவன் வுடல. தண்ணி புடுங்கிக்கினு போயிடுச்சி."

ஒரு சினிமாவுக்கு ஒரு பொம்பளை இவ்வளவு வரிந்துகட்டுவாளா என்று பின் சீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். அம்மா முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், தணிந்த குரலில், "கடைசி வரைக்கும் புடிச்சிக்கினுதானே இருந்தான், அது போதும்" என்றாள்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "வேர புடிச்சி ஏறி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. அப்பா அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு" என்றேன்.

"நல்லாத்தான் இருந்திருக்கும் பாப்பா. ஆனா வரலியே."

கூட்டுரோட்டில் இறங்கி நடந்தோம். எப்போதும் நாலடி முன்னால் போகிற அப்பா அன்றைக்கு அம்மாவோடு ஒட்டியே நடந்தார். நானும் அத்தையும் பின்னால். ஏமாற்றிய அப்பாவிடம் பேசக்கூடாது என்று நான் உம்மென்று வந்தேன். அத்தை ஏன் உம்மென்று வருகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, ஒருமுறை திருக்கோவிலூருக்குப் போயிருந்தபோது அத்தை தானாகவே சொன்னாள். மலையிலிருந்து திரும்பும்போது ஓடையை இறங்கிக் கடந்த அன்றைக்கு மாமாவோடு கூடப் போயிருந்தது அப்பாதானாம். மாமாவின் கையைப் பிடித்திருந்ததும் அவர்தான். அத்தையிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கரையில் நின்று பார்த்த நாலு பேர் மூலம் அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரியும் என்று அவளும் காட்டிக்கொள்ளவில்லை. சாவு வருகிற இடத்தையெல்லாம் அம்மா கண்ணில் படாமல் அப்பா கிழித்துக்கொண்டிருக்க, அவர் நிம்மதிக்காக அம்மா கிழித்த புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனால் அந்த வயதில் எனக்கு இதெல்லாம் ஏது? திங்கட்கிழமை வகுப்பில் முடிவு கேட்டார்கள். "செத்துட்டான், ஆனா அது யார் தப்பும் இல்ல" என்று அம்மா அபிப்பிராயத்தைச் சொல்லிவைத்தேன். ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. அத்தோடு என் கதைக் கச்சேரியும் படுத்துவிட்டது.

அடுத்த மாதம் அப்பா வழக்கம்போல நாவல் வாங்கிவந்தார். அம்மா படித்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனதும் நான் எடுத்துப் புரட்டினேன். கடைசித் தாள் இருந்தது. ஓரம்கூட மடங்கவில்லை. கதையில் யாரோ ஒரு பெரியவர் செத்துப்போனார், அவர் பிள்ளைகள் அழுதுவிட்டு ரயில் ஏறினார்கள், "முற்றும்" என்று போட்டிருந்தது. ஒரு புத்தகத்தில் அந்த வார்த்தையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அப்பாவிடம் காட்டினேன். அச்சாபீஸ்காரன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்றேன். அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, "ஆமா பாப்பா" என்றார். அதையும் நம்பினேன்.